மாடிவீட்டுத் தம்பியின் விளையாட்டுச் சாமான்



நாலு மாதமாக இங்கே ஒன்றும் எழுதவில்லை. இரண்டு மூன்று பேர் போன் செய்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். "ஒன்றுமில்லை, வெயில் ஜாஸ்தி, சோம்பேறித்தனம்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பொய். உண்மையான காரணம் என் வலது கை. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் யாருக்காவது உபயோகப்படலாம்.

கை நடுக்கம் எனக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முதலில் கவனித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரி. ஒரு நாள் காலையில் காபி டம்ளரில் பாதிதான் இருந்தது. பால் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் பாதி. அதற்கு மறுநாள் பாதி, குடித்து முடித்ததும் இன்னொரு பாதி. அவளும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முழு டம்ளரைத் தூக்கினால் கை ஆடி வேட்டியில் சிந்துகிறது என்பது எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலிருந்து செக் திரும்பி வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் ரசம் வாங்குவதை நிறுத்தினேன். கடைசியில் டாக்டரிடம் போனேன். "பயப்படாதீங்க, இது பார்க்கின்சன் இல்ல. எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்லுவோம். கை சும்மா இருக்கும்போது ஆடாது, எதையாவது பிடிக்கப் போனா, செய்யப் போனாத்தான் ஆடும்" என்றார். இதற்கு வழக்கமாகக் கொடுக்கிற ப்ரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதாம். எனக்கோ சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

மவுஸ் விஷயம்தான் எல்லாவற்றையும்விட மோசம். மேஜைமேல் கை நூல் பிசகினால் திரையில் அம்பு நாலு விரற்கடை தள்ளிப் போய்விடுகிறது. ஒரு ஃபைலின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். பட்டனை அழுத்துகிற அந்த அழுத்தத்திலேயே மவுஸ் நகர்ந்து பக்கத்து ஃபைல் திறக்கிறது. இரண்டு தரம் தட்டித் திறப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம். முதல் தட்டு ஓரிடம், இரண்டாவது தட்டு வேறிடம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணனின் போட்டோ விஷயத்தில்தான் நான் உடைந்துபோனேன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் ஃபோர்மேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியபோது, அதை நம்பி இந்தப் பக்கம் வரிசையாக உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. அப்படி வந்த ஒரு சின்னக் கம்பெனியின் வெல்டிங் ஷாப்பில் நான் சேர்ந்தேன். தொழில் கற்றுக்கொடுத்தது அவர்தான். வரதராஜபுரத்தில் சொந்த வீடு கட்டிக் குடியிருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அந்தப் பக்கம் பூராவும் புகுந்ததே, நினைவிருக்கும். அவர் வீட்டிலும் பீரோ உயரத்துக்குத் தண்ணீர். கல்யாண ஆல்பம் முதல் கம்பெனி போட்டோ வரைக்கும் எல்லாம் ஊறிப் பிசுபிசுத்துப் போய்விட்டன. நல்லவேளையாக அதற்கு முந்தின வருடம், ஷாப்பில் எடுத்த 26 படங்களை அவரிடமிருந்து வாங்கி வந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஆக, இந்த உலகத்தில் அந்தப் படங்கள் இருக்கிற ஒரே இடம் என் கம்ப்யூட்டர்.

போன வருடம் அண்ணன் காலமானார். முதல் வருடத் திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவர் பெண் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா வேலை செய்யற மாதிரி ஒரு படம் உங்ககிட்ட இருக்குதுன்னு அம்மா சொன்னாங்க. ஃப்ரேம் போட்டு மாட்டணும். அனுப்பறீங்களா?"

"இன்னிக்கே அனுப்பறேன்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்த ஃபோல்டரின் மேல் அம்பை வைத்து அழுத்தினேன். அழுத்தியபடியே கை உதறியது. திரையில் ஏதோ சரேலென்று நகர்ந்தது. அடுத்த நொடி அந்த ஃபோல்டரைக் காணவில்லை.

குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். இல்லை. பதற்றம் வந்தால் நடுக்கம் இரண்டு மடங்காகும். எதைத் திறக்கப் போனாலும் வேறெதுவோ திறந்தது. இன்னும் தேடினால் மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடுவேன் என்று பயந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் "தேடிக்கிட்டிருக்கேம்மா" என்று சொன்னேன். தேடவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரியின் பழைய புடவையை எடுத்து அந்த மேஜையை மூடினேன். என் கைதான் பாவி, அதற்கு இனிமேல் இந்த வேலை கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். கோபம் முழுவதும் கையின் மேல்.

இனி மாடிவீட்டுத் தம்பி.

இந்தப் பக்கம் வீடு கட்டிய எல்லோரும் செய்வதைப்போல நானும் மாடியில் இரண்டு அறை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது இருப்பவன் வந்தவாசிப் பக்கத்துப் பையன். டிப்ளமா முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவான், தூங்குவான், எழுந்ததும் டிவியில் கேம் ஆடுவான். மாடியிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும். "இந்தக் காலத்துப் பசங்க..." என்று நான் ஆரம்பித்தால் என் வீட்டுக்காரி, "உங்களுக்கென்னங்க, அவன் வாடகையை ஒண்ணாந்தேதியே குடுத்துடறான்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு நாள் அவன் கீழே வந்து, "சார், ஒரு ஃபார்ம் பிரிண்ட் எடுக்கணும். உங்க பிரிண்டர் வேலை செய்யுதா?" என்று கேட்டான். புடவையை விலக்கினேன். அவன் முன்னால் மவுஸைத் தொட எனக்குக் கூச்சம். "நீயே எடுத்துக்கோ தம்பி" என்றேன். எடுத்துக்கொண்டான். போகும்போது புடவையைப் பார்த்தான். "ஏன் சார் மூடி வெச்சிருக்கீங்க? ரிப்பேரா?"

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. கைதான் ரிப்பேர்" என்று கையை நீட்டிக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளிடம்கூட அதுவரை நீட்டிக் காட்டியதில்லை.

அவன் ஐயோ பாவம் என்று எதுவும் சொல்லவில்லை. ஷாப் ஃப்ளோரில் மெஷினைப் பார்ப்பதுபோல கொஞ்ச நேரம் கையைப் பார்த்தான். "மேஜை மேல வெச்சு நகர்த்தும்போதுதானே சார் ஆடுது? ஒரு நிமிஷம் இருங்க" என்று மாடிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கையில் அவன் கேம் ஆடுகிற கன்ட்ரோலர்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பார்க்க நண்டு மாதிரி இருக்கும். இரண்டு கையாலும் பிடிக்க இரண்டு கொம்பு. மேலே கட்டைவிரலுக்கு ஒன்றாக இரண்டு குட்டிக் குச்சிகள், தலை காளான் மாதிரி. வலப்பக்கம் நாலு பட்டன். முன்பக்கம் ஆள்காட்டி விரல் படுகிற இடத்தில் இன்னும் நாலு.

"முப்பது வருஷம் வேலை செஞ்ச கைக்கு விளையாட்டுச் சாமானா?" என்று சிரித்தேன். சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"பிடிச்சுத்தான் பாருங்களேன் சார்."

ஆன்டிமைக்ரோஎக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதை இறக்கிப் போட்டான். கன்ட்ரோலரை யூ.எஸ்.பி. ஒயரில் சொருகினான். இடதுகைக் குச்சியை நகர்த்தினால் அம்பு நகர வேண்டும், வலதுகைக் கீழ்ப் பட்டனை அழுத்தினால் மவுஸின் இடது பட்டனை அழுத்தியதாக அர்த்தம், பக்கத்துப் பட்டன் வலது கிளிக், வலதுகைக் குச்சி பக்கத்தை மேலே கீழே உருட்ட என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த மென்பொருள் ஒரு துபாஷி. குச்சி சொல்வதை மவுஸ் சொல்வதுபோல மொழிபெயர்த்துச் சொல்கிறது. கால்மணி நேரத்தில் முடிந்தது.

நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முழங்கை இரண்டையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டேன். கன்ட்ரோலர் மடியில். இடது கட்டைவிரலால் குச்சியை மெல்லச் சாய்த்தேன்.

அம்பு நகர்ந்தது. நேராக, நிதானமாக நகர்ந்தது. விரலை எடுத்தேன். அங்கேயே நின்றது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது ரோபோ. எங்கள் ஷாப்பில் ஏ.பி.பி. வெல்டிங் ரோபோ ஒன்று இருந்தது. அதற்குப் பாதை கற்றுக்கொடுக்க ஒரு பெண்டண்ட் உண்டு. ஒயரோடு கையில் பிடிக்கிற பலகை. அதில் ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் ரோபோ கை ஊர்ந்து போகும், அதிகம் சாய்த்தால் வேகமாகப் போகும், விட்டால் நிற்கும். ஆள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கும்போது விநாடிக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் அது போகக்கூடாது என்பது விதி. கைக்குள் அமுங்கினாற்போல ஒரு பாதுகாப்பு ஸ்விட்சும் உண்டு. அதை அளவாகப் பிடித்திருந்தால்தான் ரோபோ நகரும். பயந்துபோய்க் கையை விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். மனிதன் பயந்தால் இரண்டில் ஒன்றைத்தான் செய்வான் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்டண்டை நான் பத்து வருடம் பிடித்தவன். வருகிற ட்ரெய்னிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். கேன்டீனில் போனில் கேம் ஆடுகிறார்கள் என்று பையன்களைத் திட்டுவேன். ஆனால் பெண்டண்டைக் கையில் கொடுத்தால் அவர்களில் கேம் ஆடுகிறவன்தான் முதலில் பழகுவான். இதை அப்போதே பார்த்தேன், ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. அமெரிக்கக் கடற்படை ஒப்புக்கொண்டது. 2018ல் சேவைக்கு வந்த கொலராடோ என்ற நீர்மூழ்கிக் கப்பலில், வெளியே பார்க்கிற கேமராக் கம்பத்தைத் திருப்புவதற்கு எக்ஸ்பாக்ஸ் கேம் கன்ட்ரோலரையே வைத்தார்கள். வேலைக்கு வருகிற இளைஞர்களுக்குத் தனியாகப் பழக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

மவுஸில் ஆடுகிற கை இதில் ஏன் ஆடவில்லை என்று நான் யோசித்துப் பார்த்தேன். முழுக்க ஆடாமல் இல்லை. ஆனால் மூன்று விஷயம் மாறியிருக்கிறது.

முதலாவது, மவுஸில் கை எவ்வளவு தூரம் போகிறதோ அம்பும் அந்தக் கணக்கில் போகும். அதனால் ஒவ்வொரு உதறலும் அப்படியே திரையில் தெரியும். குச்சியில் நாம் சொல்வது தூரத்தை இல்லை, வேகத்தை. இந்தப் பக்கம் ஒரு நொடி உதறி, அந்தப் பக்கம் ஒரு நொடிகூட ஆகாமல் உதறினால், அம்பு ஒரு இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த உதறல் அதைத் திருப்பிவிடும். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கழிந்து போகிறது.

இரண்டாவது, மவுஸில் நகர்த்துவதும் அழுத்துவதும் ஒரே கை. அழுத்தும்போது நகர்ந்துவிடும். இதில் நகர்த்துவது ஒரு கை, அழுத்துவது இன்னொரு கை. என் வலது கை எவ்வளவு ஆடினாலும் பட்டன் இருக்கிற இடத்திலேயே இருக்கும், அம்பும் அங்கேயே நிற்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை இப்படியும் அப்படியும் ஆட்டினாலும் சக்கரம் திரும்பாது. அதை 'ப்ளே' என்போம். கன்ட்ரோலர் குச்சிக்கும் அதைப்போல ஒரு ப்ளே வைக்க முடியும். அதற்கு டெட் ஸோன் என்று பெயர். குச்சி நடுவில் இருந்தால் கணக்கு 0, ஓரத்துக்குப் போனால் 32,767. முதல் இவ்வளவு வரைக்கும் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று அந்த மென்பொருளிடம் சொல்லிவிடலாம். தம்பி என் கட்டைவிரலைக் குச்சிமேல் சும்மா வைக்கச் சொன்னான். அம்பு ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணை ஏற்றிக்கொண்டே போனான். ஒன்பதாயிரம் தாண்டியதும் அம்பு நின்றுவிட்டது. விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அம்பு ஆடவில்லை.

"அவ்வளவுதான் சார். உங்க நடுக்கம் இந்த அளவு. அதுக்கு மேல வர்றதுதான் நீங்க நெசமா சொல்றது."

எத்தனையோ டாக்டர் என் கையைப் பார்த்திருக்கிறார்கள். என் நடுக்கத்தை அளந்து, அதை மட்டும் தள்ளிவிட்டு, மீதியை நான் சொல்வதாக எடுத்துக்கொண்டவன் இந்தப் பையன்தான். கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சமாளித்தேன்.

அப்புறம்தான் அவனிடம் போட்டோ கதையைச் சொன்னேன். "டெலீட் ஆயிருந்தா குப்பைத் தொட்டியில இருக்கும் சார். அங்க இல்லன்னா எங்கியோ நகர்ந்து வேற ஃபோல்டருக்குள்ள விழுந்திருக்கும். நீங்களே தேடுங்க. ப்ராக்டிஸ் ஆகும்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான். அவன் தேடிக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போனான் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். மூடினேன். அடுத்தது. அவசரமில்லை. ராத்திரி எட்டரை மணிக்கு ஆரம்பித்து ஒன்பதே முக்காலுக்குக் கண்டுபிடித்தேன். கரண்டு பில் ரசீதுகளைப் போட்டு வைத்திருக்கிற ஃபோல்டருக்குள், அவற்றோடு ஒன்றாக அண்ணன் உட்கார்ந்திருந்தார். 26 படமும் பத்திரம். "ஏய், இங்க வாயேன்" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவர் பெண்ணுக்கு அன்று ராத்திரியே எல்லாப் படங்களையும் அனுப்பினேன். அவள் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாள் தெரியுமா? அண்ணன் ஒரு வெல்டிங் ஃபிக்ஸர் பக்கத்தில் குனிந்து நிற்கிற படம். அந்த ஃபிக்ஸருக்கு ஒரு கதை இருக்கிறது.

ஒரு பிராக்கெட்டைச் சட்டத்தின் மேல் வைத்து வெல்ட் செய்ய வேண்டும். ஒரு பையன் வாரத்துக்கு மூன்று நாலு தடவை அதைத் தலைகீழாக வைத்து வெல்ட் செய்துவிடுவான். சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் திட்டினார். அப்போது நானும் சேர்ந்து, "கவனம் வேணும்டா" என்றேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஃபிக்ஸர் பக்கத்தில் குனிந்து, பிராக்கெட்டை நேராக வைத்துப் பார்த்தார், தலைகீழாக வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலம் டூல் ரூமில் சொல்லி, சுண்டுவிரல் அளவு ஒரு பின்னை அந்த இடத்தில் அடிக்கச் சொன்னார். அதன் பிறகு தலைகீழாக வைத்தால் பிராக்கெட் உட்காராது. அந்தத் தப்பு மறுபடி வரவே இல்லை. என்னிடம் சொன்னார்: "ஆளைத் திட்டறதுக்கு முன்னாடி ஃபிக்ஸரைப் பாருடா."

பின்னால் எங்களுக்கு நடந்த ட்ரெய்னிங்கில்தான் இதற்கு ஜப்பானில் ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இதை ஒரு முறையாகவே வகுத்தவர். முதலில் அதற்கு 'பாகா-யோகே' என்று பெயர். முட்டாள் தப்பு செய்யாமல் தடுப்பது என்று அர்த்தம். வேலை செய்கிறவர்களை முட்டாள் என்பது அவர்கள் மனதைப் புண்படுத்துகிறது என்று புரிந்ததும், 'போகா-யோகே' என்று மாற்றினார். கைத்தவறலைத் தடுப்பது என்று அர்த்தம். ஒரு எழுத்து மாற்றத்தில் பழி ஆளிடமிருந்து இறங்கிவிட்டது.

இதை நான் எத்தனை ட்ரெய்னிகளுக்குச் சொல்லியிருப்பேன்! அண்ணனின் அந்த வாக்கியத்தை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். ஆனால் என் வீட்டில், என் மேஜையில், தப்பு நடந்தபோது நான் ஃபிக்ஸரைப் பார்க்கவில்லை. நாலு மாதம் ஆளையே திட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு வைத்திருப்பார்.

மவுஸையும் குறை சொல்வதற்கில்லை. டக்ளஸ் எங்கல்பர்ட் 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் அதை மேடையில் ஓட்டிக் காட்டினார். முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். அதைச் செய்துகொடுத்தவர் வில்லியம் இங்கிலிஷ். அவரும் ஸ்டூவர்ட் கார்ட், பெட்டி பர் என்ற இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து, மவுஸையும் ஜாய்ஸ்டிக்கையும் பட்டன்களையும் வைத்துச் சோதனை செய்து 1978ல் எழுதினார்கள். மவுஸ்தான் எல்லாவற்றையும்விட வேகம், தப்பும் அதில்தான் குறைவு என்று வந்தது. இன்றைக்கும் ஆடாத கைக்கு அது உண்மை. மாடிவீட்டுத் தம்பி மவுஸில் ஒரு நிமிடத்தில் செய்வதைக் கன்ட்ரோலரில் செய்ய எனக்கு மூன்று நிமிடம் ஆகிறது. ஆனால் நான் மவுஸில் செய்தால் அது முடியவே முடியாதே.

நம் சென்னையிலேயே இதைவிடப் பெரிய காரியம் நடந்திருக்கிறது. அஜித் நாராயணன் என்பவர், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக நடக்கிற வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து 'ஆவாஸ்' என்ற கருவியை உருவாக்கினார். பேச்சு வராத, கை சொன்னபடி கேட்காத பிள்ளைகள், தலையையோ கையையோ அசைத்து ஒரு ஸ்விட்சைத் தட்டினால் போதும். திரையில் ஒவ்வொன்றாக நகர்கிற படங்களில் வேண்டியது வரும்போது தட்டினால், கருவி அதைப் பேசும். எக்ஸ்பாக்ஸ் செய்கிற மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் 2018ல் உடல் அசைவு குறைந்தவர்களுக்கென்றே ஒரு கன்ட்ரோலர் கொண்டுவந்தது. மேலே உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பெரிய பட்டன். பின்னால் 19 சொருகு துளை. காலால் மிதிக்கிற பட்டனோ, கன்னத்தால் தள்ளுகிற ஸ்விட்சோ, யாருக்கு எது முடியுமோ அதைச் சொருகிக்கொள்ளலாம். அண்ணன் பார்த்திருந்தால் "இதான்டா ஃபிக்ஸர்" என்று சொல்லியிருப்பார்.

நடுக்கம் உள்ளவர்கள் யாராவது முயற்சி செய்ய நினைத்தால் சில விஷயங்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். எல்லா நடுக்கமும் ஒன்றில்லை. கன்ட்ரோலரை உடனே வாங்க வேண்டாம். பேரன் பேத்தியிடம் ஒன்று இருக்கும், அதில் பழகிப் பாருங்கள். முழங்கைக்குக் கட்டாயம் ஆதாரம் வேண்டும். கை அந்தரத்தில் இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. எந்தக் கை குறைவாக ஆடுகிறதோ அதற்குக் குச்சியைக் கொடுங்கள். அம்பின் வேகத்தை முதல் வாரம் நன்றாகக் குறைத்து வையுங்கள். டெட் ஸோனை உங்கள் கைக்கு ஏற்ப ஏற்றுங்கள், என்னுடைய எண் உங்களுக்குப் பொருந்தாது. அதிகம் ஏற்றினால் குச்சி மந்தமாகிவிடும். ஆக அவரவர் நடுக்கத்துக்கு ஒரு படி மேலே இருந்தால் போதும்.

தட்டச்சுக்கு இது ஆகாது. அதற்கு நான் பழையபடி தமிழ்99 விசைப்பலகைதான். ஒரு எழுத்தை அழுத்தினால் கை உதறி அதுவே மூன்று தடவை விழும். விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அடுத்தடுத்து விழுகிற அதே எழுத்தைத் தள்ளிவிடும். இந்தக் கட்டுரை முழுவதும் அப்படித்தான் அடித்தேன். ஐந்து நாள் ஆனது.

தம்பியின் கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன். அவன் ஓய்வாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்குக் கூப்பிட்டு கார் ரேஸ் ஆடச் சொல்லித் தருகிறான். நான் எல்லாப் பந்தயத்திலும் கடைசி. "ஐயோ சார், பிரேக்கு, பிரேக்கு!" என்று அவன் போடுகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கிறதாம். இந்த வயதில் இது தேவையா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். கேட்டுவிட்டு இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைக்கிறாள். அவனுக்கு முழு டம்ளர், எனக்குப் பாதி.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கையில் கொடுத்துக் காட்டுகிறேன்.